சோளம், எள்ளு, அரூர் மாமா

ஒரு வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது, அதில் ஒரு பிராணியை வைக்க இடம் தேடும்போதுதான் தெரியும். இண்டூரில் எங்கள் வீடு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, சாமி ரூம், ஸ்டோர் ரூம் என்று பார்க்கத் தாராளமாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு சாண் நீளமே இருந்த இரண்டு ஜீவன்களுக்கு அங்கே இடமில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் இடம் இருக்கிறது என்று நான் பிடிவாதம் பிடித்ததில், என் அண்ணனின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

அப்போது நான் தர்மபுரியில் விலங்கியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். விலங்கியல் படிப்பவளுக்கு விலங்குகளைப் பற்றித் தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் வீட்டில் அந்த நம்பிக்கை எனக்கு மட்டும் இருந்தது. (இரண்டு அரியர் இருந்தது. அதை இப்போது கிளற வேண்டாம்.) என் தோழி ஷபானாவின் குடும்பம் சென்னைக்குக் குடிபோனபோது, அவள் வளர்த்த இரண்டு கினி பிக்குகளை என் கையில் கொடுத்து, "ரெண்டே வாரம் வெச்சுக்கடி, வந்து வாங்கிக்கறேன்" என்றாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

அம்மாவிடம் போனில் "கினி பிக்" என்று சொன்னேன். அம்மாவுக்குப் பின்பாதி மட்டும் விளங்கியது.

"பன்னியையா வூட்டுக்குக் கொண்டாறே?"

"பன்னி இல்லம்மா, பேருதான் அப்படி" என்று சமாதானம் சொல்லிவிட்டு, ஒரு தக்காளி கிரேட்டில் உட்கார வைத்து, இன்னொரு கிரேட்டை மேலே கவிழ்த்துக் கயிறு கட்டி, டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினேன். அம்மா குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தாள்.

"இதுக்குப் பன்னியே தேவலாம். பெருச்சாளிடி இது!"

மஞ்சளாக இருந்ததற்குச் சோளம் என்றும் கறுப்பாக இருந்ததற்கு எள்ளு என்றும் நான் பெயர் வைத்தேன். பெயர் வைத்தால் அம்மா மனசு இளகும் என்பது என் கணக்கு. "எள்ளுன்னு பேரு வெச்சா சனிக்கிழமை வெளக்கா ஏத்த முடியும்? எடுத்துட்டுப் போய் வெளிய வை" என்றாள்.

வெளியே என்றால் எங்கே? அப்பா கோழிக்கூண்டைக் காட்டினார். போன மாதம்தான் அதற்குள் கீரி புகுந்து மூன்று கோழியைக் கொன்றிருந்தது. மாடிப்படிக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பூனை மதியத் தூக்கம் போடும். மொட்டை மாடியில் வெயில் வடகத்துக்கே அதிகம். ஸ்டோர் ரூமில் கேழ்வரகு மூட்டைகள் இருந்ததால் அம்மா வாசலிலேயே மறித்தாள். "சாமி ரூம்ல வைக்கலாமே, பிள்ளையாருக்குத் துணையா இருக்கும்" என்று அப்பா சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில், தக்காளிக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க அவர் உடனே கிளம்பிவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது அண்ணன் சரவணனின் அறை. அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறுவான். மற்ற நாளெல்லாம் அறை சும்மா கிடந்தது. ஒரே ஒரு சிக்கல்தான். எலியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுகிறவன் அவன், முப்பத்திரண்டு வயதில். அதனால் அவனிடம் சொல்வதில்லை என்று அப்பா, அம்மா, நான் மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். (எங்கள் வீட்டில் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.) வாரநாளில் அண்ணன் அறை, சனி, ஞாயிறு மட்டும் ஸ்டோர் ரூம், கேழ்வரகு மூட்டையிலிருந்து நான்கடி தள்ளி. இப்படி ஐந்து வாரம் ஓடியது. என் நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாவது வாரம் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள்.

அண்ணனுக்கு மூன்று வருடமாகப் பெண் பார்த்து வந்தார்கள். வந்த ஜாதகமெல்லாம் செவ்வாயில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அரூர் பெண்ணுக்குத்தான் முதல்முறையாக எல்லாம் கூடிவந்தது. பெண்ணுக்கும் பிடித்து, பையனுக்கும் பிடித்து, மாப்பிள்ளை வீட்டை வந்து பார்ப்பது மட்டும் பாக்கி. பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன், அவர்களோடு கார் டிரைவர். (மூன்று பேராகப் போனால் காரியம் ஆகாது என்று டிரைவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.)

தாய்மாமன் கட்டட கான்ட்ராக்டர். இது எங்களுக்கு முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். "அவரு ஒவ்வொரு ரூமா போயிப் பாப்பாரு. ஸ்டோர் ரூம்ல மூட்டை எத்தனை இருக்குதுன்னு கூட எண்ணுவாரு" என்று தரகர் போனில் எச்சரித்தார். ஆகவே ஸ்டோர் ரூம் போயிற்று. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. அண்ணன் அறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி ஒன்று உண்டு. அறையை எட்டிப் பார்ப்பார்கள். அடுத்தவர் அலமாரியை யார் திறக்கப் போகிறார்கள்? அண்ணன் பட்டு வேட்டி கட்டி ஹாலுக்கு வந்த மறு நிமிஷம், கிரேட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, காற்றுக்குக் கதவை விரலளவு விட்டுக் கயிற்றால் கட்டினேன். அந்த அலமாரிக்கு அந்தப் பக்கம் ஹால் சுவர் என்பதும், அந்தச் சுவரை ஒட்டித்தான் சோபா கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. நான் தினமும் அதுகளுக்குக் கொத்தமல்லித் தழையை பாலிதீன் கவரில் கொண்டுபோவேன். கவர் சரசரத்தால் சாப்பாடு என்று ஐந்து வாரத்தில் இரண்டும் நன்றாகப் படித்துவிட்டன. (என்னைவிட வேகமாகப் படிக்கிற ஜீவன்கள்.) கவர் சத்தம் கேட்டதும், ஒரு சாண் உடம்பிலிருந்து வருகிறது என்று நம்ப முடியாத அளவுக்குக் கத்தும்.

பெண்ணின் அம்மா பழமும் ஸ்வீட் பாக்ஸும் போட்ட கவரை மடியில் வைத்துக்கொண்டு, சரியாக அந்தச் சுவரை ஒட்டி சோபாவில் உட்கார்ந்தார். கவர் சரசரத்தது.

"க்வீஈஈக்! க்வீஈஈக்!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"என்ன சத்தமுங்க அது?" என்றார் பெண்ணின் அப்பா.

"எங்கியோ வண்டி பிரேக் அடிக்கிறான்" என்றாள் அம்மா.

பெண்ணின் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. கவரின் காதை முறுக்குவார், பிரிப்பார், மறுபடி முறுக்குவார். ஒவ்வொரு முறுக்குக்கும் சுவருக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது. நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

"குடுங்க அத்தை, உள்ள வெச்சுடறேன்."

"இருக்கட்டும் கண்ணு, தட்டுல வெச்சுதான் குடுக்கணும்."

"பரவாயில்லை, குடுங்க."

நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் மறுபக்கம் இறுக்கினார். கவர் இதுவரை இல்லாத அளவுக்குச் சரசரத்தது. உள்ளே இரண்டும் சேர்ந்து கச்சேரியே வைத்துவிட்டன. 'இந்தப் பெண்ணுக்கு ஸ்வீட் என்றால் இவ்வளவு ஆசையா' என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

தாய்மாமன், அதாவது அரூர் மாமா, மெல்ல எழுந்தார். சுவரில் காது வைத்தார். விரல் முட்டியால் நான்கு இடத்தில் தட்டினார். டாக்டர் மாதிரி திரும்பி நின்றார்.

"பைப்ல ஏர் அடைச்சிருக்குதுங்க."

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வீட்டை அவர் கூடவே நின்று கட்டினார். செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இறக்கினார். தக்காளிக்குத் தண்ணீர் விட மறந்தாலும் பூசின சுவருக்கு விட மறந்ததில்லை. அந்தச் சுவரில் குறை சொல்வதும் அவர் பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதும் ஒன்று. (பிள்ளைகளைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.)

"அந்தச் சொவத்துல பைப்பே இல்லீங்களே" என்றார் அப்பா.

"மேஸ்திரி உங்களுக்குத் தெரியாம வெச்சிருப்பான். நான் இருவது வருசமா பாக்கறேன்."

விஷயம் தெரியாத அண்ணன் மிரண்டுபோய், "ஆமாம்பா, எனக்குக்கூட சனிக்கிழமை ராத்திரி எங்கியோ லேசா கேக்குது" என்றான். மாமாவுக்கு அது போதும். வேட்டியை மடித்துக் கட்டினார். கேட் வால்வை மூடினார். பாத்ரூம், சமையலறை, துணி துவைக்கும் இடம் என்று எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார். மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார். இறங்கி வந்து வால்வைத் திறந்தார். வீடு முழுக்கக் குழாய்கள் 'புஸ்ஸ்... பக் பக்...' என்று இருமின.

"பாத்தீங்களா ஏரை?" என்றார்.

தண்ணீர் இல்லாத குழாயைத் திறந்தால் எந்த வீட்டுக் குழாயும் இருமும் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா கவரை மறுபடி முறுக்கினார். சுவர் கத்தியது.

"ஒரு உளியும் சுத்தியும் குடுங்க. ஒரு சாண் ஒடைச்சாப் போதும், பைப் தெரிஞ்சிடும்."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நாளைக்குச் சிமெண்ட் பூசிக்கொள்ளலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. மாமாவே காரிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்துவிட்டார். ஓங்குவதற்கு முன் அளவு பார்க்க, சுவரில் மெல்ல வைத்தார்.

"சொவத்துல கை வைக்காதீங்க!" அப்பா குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "அது பைப் இல்லீங்க. பெருச்சாளி."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"சொவத்துக்குள்ளயா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க, அலமாரியில. நாங்கதான் வளக்கறோம்."

அண்ணன் அந்த நேரம் சோபாவில் ஏறிவிட்டான். அதே சோபாவின் மறுமுனையில் பெண்ணின் அம்மாவும் ஏறியிருந்தார். வருங்கால மாமியாரும் மருமகனும் சமஉயரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் எனக்கு வீரம் வந்தது. கிரேட்டைத் தூக்கிவந்து ஹால் நடுவில் வைத்தேன். "இது பெருச்சாளி இல்லீங்க. தென் அமெரிக்கால இருந்து வந்த இனம். தாவரம் மட்டும்தான் திங்கும்" என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதுவதுபோல் ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"இதுவா அந்தச் சத்தம் போட்டுச்சு? எங்க, கத்தச் சொல்லு பாப்போம்."

நான் பெண்ணின் அம்மாவிடம் கவரை வாங்கி ஆட்டினேன். (இப்போது கொடுத்துவிட்டார்.) சத்தமில்லை. இன்னும் ஆட்டினேன். சோளமும் எள்ளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தன. பயந்தால் அசையாமல், சத்தமில்லாமல் உறைந்துவிடுவது அதுகளின் சுபாவம். புத்தகத்தில் இருந்திருக்கும், நான் அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன். "சோளம், ப்ளீஸ்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

மாமா பரிதாபமாகத் தலையாட்டினார். "வாயில்லா ஜீவன் மேல பழி போடறீங்க. சத்தம் பைப்லதான்."

ஆக, அரை மணி நேரத்தில் எங்கள் வீடு பெருச்சாளி வளர்க்கிற வீடு, குழாய் சரியில்லாத வீடு, அதை மறைக்கப் பொய் சொல்கிற வீடு என்று மூன்று பெயர் வாங்கியது. அவர்கள் காபி குடித்தார்கள். கிளம்பும்போது, அதுவரை அதிகம் பேசாத பெண்ணின் அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "வேற எதுனா இருக்குதுங்களா?"

மூன்று நாள் போன் வரவில்லை. அண்ணன் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம், அலமாரியிலிருந்து சட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, மோந்து பார்த்து, ஓசூருக்கு மூட்டை கட்டினான். நான் சாப்பிடாமல் இருந்தேன். (ஒரு வேளை.)

நான்காம் நாள் தரகர் பேசினார். பெண்ணுக்கு விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தாளாம். சம்பந்தம் அவர்களுக்குச் சம்மதம். இரண்டே நிபந்தனை: அந்தப் பிராணிகள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது, பைப்பைச் சரி செய்ய வேண்டும். முதல் நிபந்தனைக்குத் தரகர் முடிப்பதற்குள் அம்மா சரி சொல்லிவிட்டாள். இரண்டாவதற்கு அப்பா, "இல்லாத பைப்பை எப்படிய்யா சரி பண்றது? கல்யாணம் நின்னாலும் சரி" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணன் ஓசூரிலிருந்து போனில் அழாத குறை. இரண்டு நாள் பேசி ஒரு வழி கண்டார்கள். சுவரைத் தொடுவதில்லை; மாடியில் காற்றுப் போக ஒரு ஏர் பைப் மட்டும் வைத்துக்கொள்வது.

அரூர் மாமாவே டிரில்லோடு வந்து வைத்தார். தொட்டி லைனிலிருந்து ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை பிவிசி பைப், முனையில் வளைவு. அதே நாள் சோளமும் எள்ளும் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே, வேப்பமர நிழலில், மேலே வலை போட்ட, கிணற்றுக்கு இறக்குகிற வட்டச் சிமெண்ட் உறைக்குக் குடிபோயின. அந்த இடம் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை, அம்மாதான் சொன்னாள். நான்கு வருடம் அங்கே சௌக்கியமாக இருந்தன. கோஸ் இலை அரிந்து போட்டதும் அம்மாதான். கத்தினால் ஹாலுக்குக் கேட்காது.

கேட்காததால் மாமா ஜெயித்துவிட்டார். காதுகுத்து, வளைகாப்பு, எந்த விசேஷமானாலும் பந்தியில் ஆரம்பிப்பார்: "இண்டூர் வூட்டுல சொவரே கத்திட்டு இருந்துச்சுங்க. நான் போயி ஒரு பைப் வெச்சேன். அன்னைக்கு நின்ன சத்தம்!" எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, நின்னு போச்சுங்க" என்பார். எதிர் வரிசையில் அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

போன மாதம் மாடியில் ஒரு அறை கட்ட ஆரம்பித்தோம். இப்போது டீச்சராக இருக்கிற அரூர் பள்ளியிலிருந்து நான் லீவில் வந்திருந்தேன். புது மேஸ்திரி அந்தப் பைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எங்கிருந்து வருகிறது, எதற்கு என்று ஒன்றும் புரியவில்லை.

"இதால ஒரு பிரயோஜனமும் இல்லீங்களே. அறுத்துடட்டுங்களா?"

செங்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"ஐயையோ, அதைத் தொட்டுடாதப்பா. அது பொண்ணு வூட்டுச் சீரு."