தலையணை உறைக் கணக்கு

கல்லாவில் கிடக்கிற அந்தச் சுழல் நாற்காலி இனிமேல் தனக்குத்தான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரையோடு எடுத்த முடிவைத் தான் மாற்றிக்கொண்டதே கிடையாது என்று அவர் சொல்லிக்கொள்வார். மாற்றுகிறவர் வேறொருவர் என்பதால் அது ஒருவகையில் உண்மைதான்.

முதலாளி என்று சொல்லிவிட்டேன், அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பன்னிரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜ். வாசல் போர்டில் உரிமையாளர் என்று போட்டு அவர் பெயர்தான் இருக்கிறது. உள்ளே வந்தால் சாவிக்கொத்து மனைவியிடம், கல்லா மனைவியிடம், சுழல் நாற்காலி மனைவியிடம். அறை கேட்டு வருகிறவர்கள் பெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டு நேராக அந்த அம்மாவிடம் பேசப் போய்விடுவார்கள். இவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். பாதிப் படியில்தான் நினைப்பு வரும், நாம முதலாளியாச்சே என்று. அதற்குமேல் இறங்கவும் முடியாது, பெட்டி கனமாக இருக்கும்.

அன்றைக்கு அவருக்குத் தைரியம் கொடுத்தது வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். லாட்ஜ், ஓட்டல் எல்லாவற்றிலும் கணக்குப் பார்க்க அதிகாரி வருவார், என்றைக்கு வருவார் என்று சொல்ல மாட்டார், பில், ரசீது, தங்கினவர் பதிவு, சம்பளக் கணக்கு எல்லாம் கேட்டவுடன் கைக்கு வர வேண்டும், வராவிட்டால் அபராதம் என்று அதில் கண்டிருந்தது. முதலாளி அதை இரண்டு முறை படித்தார். ஆஹா, வந்தது வாய்ப்பு என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏனென்றால் மனைவி கணக்கு வைத்திருந்த லட்சணம் அவருக்குத் தெரியும். அவள் பில்லையெல்லாம் தலையணை உறையில் போட்டு வைப்பாள். மாதத்துக்கு ஓர் உறை. சலவைக்காரர் துணியில் குறி போடுகிற மையால் மூலையில் மாதத்தை எழுதி, வாயைச் சுருட்டிக் கட்டி, படுக்கை விரிப்பு அலமாரியில் அடுக்கிவிடுவாள். லாட்ஜில் காகித உறைக்குப் பஞ்சம் வரலாம், தலையணை உறைக்குப் பஞ்சம் வராது என்பது அவள் கணக்கு. ஒருநாள் இவர் அவசரத்தில் ஐந்தாம் நம்பர் அறைக்கு அதில் ஒன்றைத் தலையணை என்று கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். ராத்திரி பூரா காதுக்குள் யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி இருந்தது என்று அங்கே தங்கினவர் காலையில் புகார் செய்தார்.

"இங்க பாரு," என்று கல்லா முன்னால் போய் நின்றார் முதலாளி. "அதிகாரி வந்து கணக்கு கேட்டா, தலையணையைத் தூக்கிக் கொடுப்பியா? மானம் போயிடும். இனிமே கணக்கு என் பொறுப்பு."

மனைவி சாவியை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதிகாரி வந்து எங்கிட்ட கணக்குப் பார்த்து, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனார்னா, அந்த நாற்காலி எனக்கு. பேச்சு மாறக் கூடாது."

"சரிங்க," என்றாள் மனைவி. "யாரு அதிகாரிகிட்ட கணக்கு காட்டி நல்ல பேர் வாங்குறாங்களோ, அவங்களுக்கு நாற்காலி. காட்டாதவங்க பெட்டி தூக்கணும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது கிடையாது. விவரமான மனுஷன் என்றால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். நம்ம முதலாளி, மூன்றாம் நம்பர் அறையைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டு, கலர் கலராக ஃபைல் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது பரணிலிருந்து பூப்போட்ட பழைய உறைகளை இறக்கி, மூன்றாம் நம்பர் கட்டில்மேல் மலையாகக் குவித்திருந்தாள் மனைவி. அவள் இப்படித் தானாகவே அதிகாரத்தைக் கைமாற்றிக் கொடுத்ததில் முதலாளிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகிக்கூடப் போனது. பாவம், அவளுக்கும் வயசாகிறது, இனிமேலாவது ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வேலை தொடங்கியது. உறைகளை அவிழ்த்துக் கட்டில்மேல் கொட்டினார். காய்கறி பில், சோப்பு பில், சலவை ரசீது, குழாய் ரிப்பேர் சீட்டு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குவிந்தன. இதை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தார். அவருக்கு வாழ்க்கையில் பிசகில்லாமல் தெரிந்த அடுக்கும் முறை ஒன்றே ஒன்றுதான், படுக்கை விரிப்பை அடுக்குகிற முறை. இரட்டைக் கட்டிலுக்கு உள்ளது கீழே, ஒற்றைக் கட்டிலுக்கு உள்ளது அதன் மேலே, துண்டு எல்லாவற்றுக்கும் மேலே. ஓரம் ஓரத்தோடு சேர வேண்டும். பில்லையும் அப்படியே அடுக்கினார். பெரிய தாள் சிவப்பு ஃபைலில், நடுத்தரம் பச்சையில், குட்டித் துண்டுகள் மஞ்சளில். அட்டை தனி. கசங்கினதைத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டார்.

ஒரு பில்லையும் படிக்கவில்லை. படிப்பது அதிகாரியின் வேலை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்பது முதலாளியின் கொள்கை.

பக்கத்து டீக்கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, ஆளே காணோம், உள்ளேயே அடைகாக்குறீங்களா?" என்றார். முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டு ஃபைல்களைக் காட்டினார். ஓரம் பிசிறில்லாமல், கத்தி வைத்து வெட்டின மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் அசந்துபோனார். இதில் போன மாதத்துச் சோப்பு பில் எங்கே என்று அவர் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் நல்ல மனுஷன், கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே டீ சொல்லி அனுப்புகிறேன், பெரிய கிளாஸாகக் கொடுங்கள் என்று முதலாளி உத்தரவு போட்டார்.

மனைவியும் சும்மா இருக்கவில்லை. வெளியே விசாரித்துத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் வந்து சொன்னாள். அதிகாரி கணக்கு மட்டும் பார்ப்பதில்லையாம், குழாய் ஒழுகுகிறதா என்றும் பார்க்கிறாராம். தண்ணீர் பில் ஏன் இவ்வளவு என்று அதிலிருந்துதான் கேள்வி கிளம்புமாம். முதலாளி அன்றைக்கே குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். மாடிப்படிக் கைப்பிடி துருப்பிடித்திருந்தால் இவ்வளவு வருமானம் வந்தும் ஏன் பெயின்ட் அடிக்கவில்லை என்று சந்தேகப்படுவாராம். பெயின்ட் அடித்தார். ஏழாம் நம்பர் அறைக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அது வரிக்கு எப்படிச் சம்பந்தம் என்று மட்டும் முதலாளிக்குப் பிடிபடவில்லை. அதைக் கேட்டால் தனக்குச் சட்டம் தெரியாது என்று நினைத்துவிடுவாளே என்று எண்ணெய் போட்டுவிட்டார்.

கடைசியாக, மொட்டை மாடித் தண்ணீர் டேங்க். வருஷக்கணக்காக அதைக் கழுவச் சொல்லி மனைவி சொல்லாத நாளில்லை, நாளைக்கு என்று இவர் சொல்லாத நாளும் இல்லை. அதிகாரி டேங்க்கைத்தான் முதலில் பார்ப்பார் என்று அவள் சொன்னதும் மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். காலையில் இறங்கினவர் சாயங்காலம்தான் ஏறினார். கீழே கல்லாப் பக்கம் பேச்சுச் சத்தமும், காபி டம்ளர் வைக்கிற சத்தமும் நடுவில் கேட்டன. அறை கேட்டு வந்தவர்களாக இருக்கும் என்று பாசியைச் சுரண்டினார். இன்றைக்குப் பார்த்து அதிகாரி வராமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டதும் உண்டு.

எல்லாம் பளபளவென்று ஆனது. அதிகாரிதான் வரவில்லை. முதலாளி தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாம் நம்பரில் காத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று, "வாங்க சார், எந்தக் கலர் பார்க்கணும்?" என்று சொல்லிப் பழகினார். பொறுமை எல்லை தாண்டியது. தைரியம் இருக்கிறவன் ஏன் காத்திருக்க வேண்டும்? நேரில் போய்க் கூப்பிட்டுவிட்டால் போகிறது. மனைவியிடம் சொல்லாமல் வரி அலுவலகத்துக்கு நடந்தார்.

அங்கே அதிகாரி ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, யாரும் தன்னைத் தேடி வருவார்கள் என்று எதிர்பார்க்காதவராக உட்கார்ந்திருந்தார். முதலாளி லாட்ஜின் பெயரைச் சொன்னார். எல்லாம் தயாராக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், இப்போதே கிளம்பினாலும் சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க லாட்ஜா? அதான் வந்து பார்த்துட்டேனே. காபி குடிக்கிற நேரத்துல வேலை முடிஞ்சுபோச்சு. நான் மாசத்தைச் சொல்லச் சொல்ல, அந்தம்மா அலமாரியிலிருந்து வெள்ளைத் தலையணை உறையை எடுத்து நீட்டிக்கிட்டே இருந்தாங்க. இப்படிச் சுத்தமா கணக்கு வெச்சிருக்கிற இடத்தை நான் பார்த்ததில்ல. நல்லா இருக்குன்னு எழுதியே கொடுத்துட்டேன்."

என்றைக்கு வந்தீர்கள் என்று முதலாளி கேட்பதற்குள் அதிகாரியே சொன்னார்.

"ஒரே ஒரு குறைதான். மாடியில ஒருத்தர் டேங்க் கழுவிக்கிட்டிருந்தார். பாவம், நான் இருந்த நேரம் பூரா சுரண்டிக்கிட்டே இருந்தார். சம்பளக் கணக்குல அந்த ஆள் பேரு இல்லையேன்னு கேட்டேன். அவருக்குச் சம்பளம் இல்ல சார், சாப்பாடு மட்டும்தான்னு அந்தம்மா சொன்னாங்க. அப்படி இருந்தாலும் பதிவுல ஏத்தணும்மா, அடுத்த தடவை வந்தா பார்ப்பேன்னு சொல்லிட்டு வந்தேன். ஆமா, நீங்க அங்க யாரு?"

அந்தம்மாவுக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டு முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

வழி நெடுக அவருக்கு ஆத்திரம் பொங்கியது. சரி, அவள் தந்திரம் பண்ணி முந்திக்கொண்டாள். ஆனால் மூன்றாம் நம்பரில் இருக்கிறதே என் ஃபைல், அது எங்கே, அவள் தலையணை உறை எங்கே? ஒரே ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டினால் போதும், அப்புறம் யாருக்கு நாற்காலி என்று பார்க்கலாம். இப்படி நினைத்துக்கொண்டு லாட்ஜுக்குள் நுழைந்தவர் கல்லாப் பக்கம் திரும்பாமல் நேராக மாடி ஏறினார். அறைக்கதவு திறந்திருந்தது. கட்டில் பக்கத்தில் பழைய பேப்பர்காரர் தராசோடு உட்கார்ந்திருந்தார்.

முதலாளியைப் பார்த்ததும் அவர் எழுந்து கும்பிட்டார். இத்தனை வருஷத் தொழிலில், அட்டை தனியாக, பெரிய தாள் தனியாக, குட்டித் தாள் தனியாகப் பிரித்து, அதை இஸ்திரியும் போட்டு எடைக்குக் கொடுத்தவர்கள் யாருமே இல்லை என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே மரியாதை இருந்தது.

முதலாளி சிவப்பு ஃபைலிலிருந்து ஒரு பில்லை உருவி, முதன்முறையாகப் படித்தார். லாட்ஜ் திறந்த புதிதில் வாங்கின வாளிக்கான பில். அடுத்ததை உருவினார். வாசலில் பழைய போர்டு எழுதினதற்கான ரசீது, அந்தப் போர்டே இப்போது இல்லை. பச்சையைத் திறந்தார், மஞ்சளைத் திறந்தார். எல்லாம் வைத்திருக்க வேண்டிய காலமெல்லாம் தாண்டி, எந்த அதிகாரியும் திரும்பிப் பார்க்காத கணக்கு.

கீழே இறங்கி வந்தார். கைப்பிடியில் பெயின்ட் மினுமினுத்தது. கல்லாவில் மனைவி, சுழல் நாற்காலியில் இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதிகாரி வந்தன்னைக்கு என்னை ஏன் கூப்பிடல?" என்றார். குரலில் முதலாளித்தனம் எவ்வளவு மிச்சமிருந்ததோ அவ்வளவையும் திரட்டித்தான் கேட்டார்.

"கூப்பிடலாம்னுதாங்க எழுந்தேன். டேங்க்ல பாதி பாசி மிச்சமிருந்துச்சு."

"வந்துட்டுப் போனப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பரண் கணக்கை நீங்க பிரிச்சு முடிக்கலையே. எவ்வளவு ஆசையா செஞ்சுக்கிட்டிருந்தீங்க, நடுவுல நிறுத்த எனக்கு மனசு வரலைங்க."

பேச்சு பேச்சுதான், நாற்காலி உனக்கே என்று ஒத்துக்கொண்டார். மனைவி முகம் கனிந்துவிட்டது. உங்க பேரையும் கணக்குல சேர்த்துட்டேன், இனிமே இந்த லாட்ஜுல உங்களை விட்டுட்டு ஒரு கணக்கும் கிடையாது என்றாள். என்ன இருந்தாலும் கட்டின மனைவி, விட்டுக்கொடுப்பாளா என்று முதலாளி மீசையைத் தடவிக்கொண்டே குனிந்தார். அவள் சம்பளப் பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்டி தூக்குகிறவர், டேங்க் கழுவுகிறவர் என்று எழுதி, பக்கத்தில் சாப்பாடு மட்டும் என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

முதலாளி நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.