கொம்பு சீவிய ஞாயிறு

மோதச் சொன்னால், மலைச் செம்மறிக் கடாக்கள் இரண்டும் படுத்து அசைபோட்டன.

வேலிக்கு வெளியே கூட்டம் ஊளையிட்டது. உள்ளே காவலாள் நெட்டையனுக்கு வியர்த்துக் கொட்டியது. 'கடாச் சண்டை! இன்று மட்டும்!' என்று வாசலில் போர்டு மாட்டியவர் மிருகக்காட்சிசாலை டைரக்டர். நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். யார் கடா ஜெயிக்கிறதோ அவனுக்கு வேலை, மற்றவன் மூட்டையைக் கட்டலாம். பெரிய கொம்புக் கடா நெட்டையனுடையது. சின்னக் கொம்பு, அவன் சகலையும் இன்னொரு காவலாளுமான மீசையினுடையது.

"இப்ப மோதாது சார். குளிர் வந்து பொட்டைங்க பருவத்துக்கு வரணும். மத்த நாள்ல கொம்பப் பாத்தே யாரு பெரியவன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணா மேயும்" என்று நெட்டையன் சொல்லித்தான் பார்த்தான்.

"அத ஆட்டுக்கிட்ட போய்ச் சொல்லு" என்றார் டைரக்டர்.

காலையில் வீட்டில் மனைவி அதற்கும் மேல். "எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட தோத்துட்டு வந்தீங்க, சோத்தையும் அங்கயே போய்க் கேளுங்க."

மலையாட்டுக்கு உப்பென்றால் உயிர். அடித்துக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு உப்புக்கட்டியை நடுவில் வைத்தான் நெட்டையன். பெரிய கொம்பு நக்கியது, சின்னக் கொம்பு காத்திருந்தது. பிறகு இரண்டும் தோளுரசி நின்று நக்கின.

"ரெண்டுக்கும் கல்யாணத்தப் பண்ணி வைங்கய்யா!" என்றார் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த வெள்ளைத் தொப்பிக்காரர். எப்போது தீனி, எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று காலையிலிருந்தே கேள்வி கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

மீசை ஒரு பெட்டையை உள்ளே விட்டான். அது இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்காமல் செங்குத்துப் பாறையில் ஏறி உச்சியில் நின்றுகொண்டது. கடாக்கள் நிம்மதியாகக் கண்ணை மூடின.

"என்ன சகல, பொட்டைய விட்டு காரியத்தக் கெடுத்துட்டியே!"

"நீ உப்பு வச்சுக் கெடுத்தத விடவா?"

நெட்டையன் கடாக்களுக்கு முன்னால் குனிந்து தலையை ஆட்டினான். "மோதுங்கடா, இப்படி!"

"என் கடாவச் சீண்டாத!"

"உன் கடாவா? நீ லீவு போட்டப்பல்லாம் எவன்டா தழை போட்டது?"

"பெருசா கிழிச்ச! உன் யோக்கியதை உன் கல்யாணத்தன்னிக்கே தெரியும்டா!"

இத்தனை வருஷமும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். முதலில் சட்டை கிழிந்தது. அப்புறம் தலையும் தலையும் மோதிய சத்தத்தில் கடாக்கள் இரண்டும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தன. கூட்டம் விசிலடித்தது. டைரக்டர் கைதட்டிவிட்டு அறைக்குப் போனார்.

நெட்டையன் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்தான். எதிரே மீசையின் மூக்கில் ரத்தம். துடைத்துவிடக் கை எழுந்தது. வேலை ஞாபகம் வந்ததும் கையை மடக்கிக்கொண்டான்.

"யாரு ஜெயிச்சதுன்னு டைரக்டர் ஏதாவது சொன்னாராம்மா?" என்று குப்பை கூட்ட வந்த அம்மாவிடம் கேட்டான்.

"அதெல்லாம் தெரியாதுப்பா. சாவிக்கொத்த அந்த வெள்ளத் தொப்பிக்காரர்கிட்ட குடுத்துடச் சொன்னாரு. டைரக்டரோட மச்சான்தான் அவரு, போன வாரமே அந்த நிரந்தர வேலையில சேர்ந்துட்டாரே!"