தானாக ஏறும் முள்

“முள்ளு இறங்குதுன்னுதான் எல்லாரும் வருவாங்க டாக்டர். ஏறுதுன்னு வந்த மொத ஆளு நீங்கதான்,” என்றார் மெக்கானிக்.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. மாலையில் காரை ஷெட்டில் விடும்போது பெட்ரோல் முள் பாதியில் நிற்கும். காலையில் போய்ப் பார்த்தால் உச்சியில் நிற்கும். ஷெட்டுக்கு ஒரே சாவி. அது அவரிடம்தான்.

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் எப்போதோ செத்துப்போயிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. புலிபோல உறுமும் அந்த வண்டியை டாக்டர் முப்பதுக்கு மேல் விரட்டியதில்லை. பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள்.

மெக்கானிக் முதலில் டேங்குக்குள் இருக்கும் மிதவையை மாற்றினார். மறுநாள் காலை முள் மறுபடி உச்சியில். மீட்டரை மாற்றினார். புது மீட்டரும் பழையதன் பேச்சையே பேசியது. வயர்களையெல்லாம் உருவிப் புதிதாகப் போட்டார். இப்போது முள் ஏறியதோடு, பிரேக்கை மிதித்தால் ஹாரனும் முனகியது.

“இது வயர்க் கோளாறு மாதிரி தெரியல டாக்டர்,” என்றார் மெக்கானிக், காரிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டு.

அன்றிரவு டாக்டர் ஷெட்டுக்கு இரண்டாவது பூட்டு போட்டு, சாவிகளைத் தன் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு படுத்தார். படுத்தால் இடி விழுந்தாலும் எழாதவர்.

காலையில் பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. முள் உச்சியில். பானெட்டைத் தொட்டார், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் இளஞ்சூடு. முன்கண்ணாடியில் பூச்சிகள் அப்பி நசுங்கிக் கிடந்தன. சாவியைத் திருகியதும் ரேடியோ முழுச் சத்தத்தில் ஏதோ குத்துப்பாட்டை அலறியது. டாக்டர் ரேடியோவில் செய்திகள் மட்டுமே கேட்பவர். அதையும் மெதுவாக.

அவர் வியர்த்துப்போய் மனைவியிடம் வந்தார். அவர் குறட்டைக்குப் பயந்து அடுத்த அறையில் காதில் பஞ்சு வைத்துப் படுப்பவள் அவள்.

“ராத்திரி ஷெட் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

“உங்க குறட்டையத் தவிர என்ன கேக்கும்? பஞ்சையும் மீறி வருதுங்க. இப்பல்லாம் தெருமுனை வரைக்கும் போயிட்டு வர்ற மாதிரி இருக்கு.”

“வெளையாடாத. வண்டியில என்னமோ இருக்கு.”

விளையாட்டுச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து போனது. ஷெட்டுக்குப் போய்ப் பானெட்டைத் தொட்டுவிட்டு வந்து, கையைச் சேலையில் இரண்டுமுறை துடைத்துக்கொண்டாள்.

“வித்துடுங்க.”

“முள்ளு தப்பா காட்டுதுன்னு நிரூபிச்சா?”

“நிரூபிச்சா வெச்சுக்குங்க. இல்லேன்னா இன்னைக்கே வண்டி வெளிய போகணும். இல்ல, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.”

டாக்டர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“பெட்ரோல் பங்குக்குப் போயி ஃபுல்லா ஊத்தச் சொல்லுங்க டாக்டர். நெறைய புடிச்சா முள்ளு பொய் சொல்லுது, வேற முள்ளு மாத்திக்கலாம்.”

“புடிக்கலேன்னா?”

“என்னை மட்டும் கூப்பிடாதீங்க டாக்டர்,” என்று போனை வைத்துவிட்டார்.

சாட்சிக்கு மனைவியும் ஏறிக்கொண்டாள். முப்பதிலேயே உருட்டிக்கொண்டு நெடுஞ்சாலைப் பங்குக்குப் போனார்கள். வழியில்தான் டாக்டருக்கு ஒன்று உறைத்தது: வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் பெட்ரோலே போட்டதில்லை. தேவைப்பட்டதே இல்லை. இளைத்துக்கொண்டே வந்தது அவருடைய பர்ஸ் மட்டும்தான். அதைப் பற்றி மனைவியிடம் கேட்டால் வம்பு என்று விட்டிருந்தார்.

இரவு வேலை முடிந்து கிளம்பத் தயாரான பங்க் ஊழியர், காரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். குழாயைச் செருகினார். ‘டிக்’கென்று உடனே நின்றது. ஒரு சொட்டும் இறங்கவில்லை.

மனைவி கதவுப்பிடியை இறுகப் பிடித்தாள்.

ஊழியர் ஜன்னலருகே குனிந்து, டாக்டரின் முகத்தை உற்றுப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“அட, இன்னைக்கு என்ன சார், கண்ணைத் தொறந்துக்கிட்டு ஓட்டிட்டு வந்திருக்கீங்க?”