மாப்பிள்ளை கேட்ட சைக்கிள்

துரைக்கண்ணு புது சைக்கிளோட முன் டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்துக்கினு இருந்தப்போ, மச்சினன் தர்மன் கடைக்குள்ள வந்து, மாப்ள ஊட்டுல இந்த வண்டி வேணாமாம்னு சொன்னான்.

"ஏன், இதுல இன்னா கொற?"

"கனமா இருக்குதாம் மாமா. வரப்புல மடை வந்தா ஒரு கையால தூக்கிக்கினு தாண்டணுமாம்."

துரைக்கண்ணு டயரை விட்டுட்டு அங்கியே குந்திட்டாரு.

பிள்ளையார்பாளையத்துல தறி போட்டிருக்கிற மனுஷன். ஒரே பொண்ணு தேவகி, ஓரிக்கைப் பக்கம் பிரசவம் பாக்கற நர்ஸு. ஐயம்பேட்டை இளங்கோவனுக்கு அவளப் பேசி முடிச்சாச்சு. மாப்ள ஊட்டுல நகை நட்டுன்னு வாயத் தொறக்கல. நல்ல சைக்கிள் ஒண்ணு போதும்னுட்டாங்க. அப்பாடான்னு அன்னிக்கு ரெண்டு தோசை கூடவே சாப்ட்டாரு.

அப்புறந்தான் ஆரம்பிச்சுது. வண்டி தார் ரோட்லயும் ஓடணும், வயக்காட்டு வரப்புலயும் ஓடணும்னு தர்மன் மூலமா சேதி வந்துச்சு. சரி, கெட்டியா இருக்கட்டும்னு பால்காரங்க வாங்கற வண்டியா பாத்து எடுத்தாரு. அதத்தான் இப்போ கனம்னுட்டாங்க.

கடைக்கார சாமுவேல் நல்ல மனுஷன். மூஞ்சிய சுளிக்காம லேசான வண்டிய எறக்கிக் காட்டுனாரு. எதுக்கும் இருக்கட்டும்னு துரைக்கண்ணு அத பாலாத்து மணல்ல தள்ளிப் பாத்தாரு. டயரு ஒல்லி. நட்டு வச்ச மாதிரி நின்னுடுச்சு. சாமுவேல் அகல டயரா மாத்துனாரு. அது மட்கார்டுல போய் ஒரசுச்சு. மட்கார்ட தூக்கிப் போட்டாங்க. ரோட்டுச் சேறெல்லாம் துரைக்கண்ணு முதுகுல அடிச்சுது. அதுக்கு ஒரு ரப்பர் பட்டை தொங்கவிட்டாங்க. ஒருவழியா முடிஞ்சுதுன்னு பெருமூச்சு விட்டவரு மூச்ச உள்ள இழுக்கறதுக்குள்ள தர்மன் திரும்பி வந்தான்.

டைனமோ வெளக்கு வேணுமாம். ராத்திரியிலயும் போவணுமாம்.

சாமுவேல் ஸ்பேனரக் கீழ வச்சாரு.

"ண்ணா, தப்பா நெனைக்காதீங்க. மாப்ளக்கி இன்னா வேலை?"

"நெசவாளர் சங்கத்துல கணக்கு எழுதறாரு."

"குந்துன எடத்துல வேலை. அவருக்கு ராத்திரியில வரப்பு மேல இன்னா ஜோலி?"

துரைக்கண்ணுக்கு நேராப் போய் கேக்கவும் வழியில்ல. பொண்ணு குடுக்கறவன் மாப்ள ஊட்டு வாசல்ல நின்னு எதுக்கு, ஏன்னு கேக்கறது அவங்க பக்கத்துல வழக்கமில்ல. தூது எல்லாம் தர்மன்தான். தர்மனக் கேட்டா, சொன்னதச் சொல்றேன் மாமா, என்னைக் கெளறாதேன்னுட்டான்.

ஊட்டுக்கு வந்து பொண்டாட்டி வடிவுகிட்ட சொன்னாரு. அவ முந்தானைய எடுத்து மூக்க சிந்த ஆரம்பிச்சுட்டா. அந்தாண்ட ஏதோ ஒருத்தி இருக்கா, இல்லாங்காட்டி இவனுக்கு இன்னாத்துக்கு வெளக்குன்னா. வேலைக்குப் போயிட்டு வந்த தேவகி, வெந்நீர்ல கால வச்சுக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தா.

"வெளக்குதானேப்பா. போட்டுக் குடுத்துடேன்."

பாவம், சூதுவாது தெரியாத புள்ளைன்னு துரைக்கண்ணு கண்ணத் தொடைச்சுக்கினாரு. டைனமோவும் போட்டாரு.

மறுநாளு தர்மன் வந்து கடை வாசல்லியே நின்னான். உள்ள வரவே இல்ல.

"மாமா, இதான் கடைசி. குறுக்குக் கம்பி இருக்கக் கூடாதாம்."

கம்பி இல்லன்னா அது பொம்பளைங்க வண்டி. அத சாமுவேல் வாயால சொல்லணும்னு இல்ல. தலையக் குனிஞ்சுக்கினு ஒரு பல்சக்கரத்தத் தொடைச்சாரு, ஏற்கனவே தொடைச்சதுதான்.

சந்தேகம்னு இனிமே ஒண்ணும் இல்ல. எவளோ ஒருத்தி. அவளுக்கு வண்டி. அதுவும் தம் பொண்ணோட சீரு. துரைக்கண்ணு கம்பியில்லாத வண்டி ஒண்ண எடுத்து, அகல டயரு, டைனமோ, ரப்பர் பட்டை எல்லாத்தையும் அதுல மாட்டச் சொன்னாரு. மூஞ்சிக்கு எதிர அந்த வண்டிய நிறுத்தி, கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டு வந்துடணும். வழக்கமாவது ஒண்ணாவது.

ஏறி ஓட்டக் கூச்சமா இருந்துச்சு. ஐயம்பேட்டை வரைக்கும் தள்ளிக்கினே போனாரு. "இன்னா துரைக்கண்ணு, நாளைக்கு பொடவையா"ன்னு டீக்கடையில ஒருத்தன் கேட்டான். அவரு காதுல வாங்கல. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி நின்னுபோனா தெரு இன்னா பேசும், அப்புறம் எவன் வருவான்னு மனசு அதுலியே கெடந்துச்சு.

மாப்ளயோட அம்மா சம்பூர்ணம் வாசல்ல பாத்திரம் தேச்சுக்கினு இருந்தா. வண்டியப் பாத்ததும் கையக் கழுவிக்கினு எழுந்து வந்து, மணிய ஒருதரம் அடிச்சுப் பாத்தா. கூடவே சிரிப்பு வேற.

"சம்மந்தி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்," துரைக்கண்ணு வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாரு. "இந்த வண்டிய ஓட்டப்போறவ யாரு?"

சம்பூர்ணம் சொன்னதக் கேட்டுட்டு அவரு அந்த வாசப்படியிலியே பொத்துன்னு குந்தி, துண்டால மூஞ்சிய மூடிக்கினாரு. உள்ள சிரிக்கிறாரா அழுவறாரான்னு அந்தம்மாவுக்கு ரொம்ப நேரம் தெரியல. சொம்புல மோரு வந்துச்சு. முழுசாக் குடிச்சுட்டு, ஒரு வாரமா நெஞ்சுல தூக்கிக்கினு திரிஞ்சதையெல்லாம் எறக்கி வச்ச மாதிரி ஒரு ஏப்பம் விட்டாரு.

அவ சொன்னது இவ்ளோதான்:

"எம்புள்ளைக்கு சைக்கிளே விடத் தெரியாது சம்மந்தி; நர்ஸு வேலைக்கு நடந்து நடந்து காலு போவுது, எங்கப்பாவாண்ட நான் கேட்டா திட்டுவாரு, நீங்க கேட்டா குடுத்துடுவாருன்னு உங்க தேவகிதான் எங்கள கேக்கச் சொல்லிச்சு."