ஆய்வு ஒழுக்கமும் அடுப்படி ஒழுக்கும்

கல்யாணமாகி ஐந்தாவது வருடம் விஜிதரன் சேர் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். இனிமேல் பொண்டாட்டியிடம் திட்டு வாங்குவதில்லை.

ஆள் திருந்தப்போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அது சுலபமான வழி. படித்தவர்கள் அந்தப் பக்கம் போவார்களா? சேர் யோசித்தது வேறு. பூரணி எப்போது திட்டப்போகிறாள் என்று முன்கூட்டியே சொல்கிற மெஷின் ஒன்றைச் செய்வது. அது சொல்லும் நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருப்பது. அந்த மெஷினைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டில் வரும் செயற்கை நுண்ணறிவு ஆய்வு இதழ் ஒன்றுக்கு அனுப்புவது. அதைக் காட்டி முதுமாணிப் பட்டத்தையும் வாங்கிவிடுவது.

பட்டம்தான் இதில் பெரிய விஷயம். சேர் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணினிப் பாடம் எடுக்கிறவர். சனி, ஞாயிறில் கண்டிக்குப் பஸ் ஏறி முதுமாணி படித்தார். பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது. ஏதாவது ஒரு ஆய்வு இதழ் இந்த வருடத்துக்குள் அவர் கட்டுரையை ஏற்றுக்கொண்டால் பட்டம். இல்லாவிட்டால் வெறும் பஸ் டிக்கெட்.

இதில் சேர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்தில் ‘விஜிதரன், எம்.எஸ்ஸி’ என்று பலகை எழுதி வாங்கி, கேட்டில் மாட்டியே விட்டார். அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் வந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“சேர், எம்.எஸ்ஸின்னா என்னாங்க? மனைவி சொன்னா சரின்னா?”

அன்று மாலையே சேர் பலகைக்கு ஒரு உரப்பையை மாட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். பட்டம் வந்ததும் பைதிறப்பு விழா வைப்பதாகத் திட்டம். போகும்போதும் வரும்போதும் அந்த உரப்பையை ஒரு பார்வை பார்ப்பார். கோயில் கோபுரத்தைப் பார்க்கிற பார்வை.

பூரணிக்கு இருந்த பிரச்சினை அவ்வளவு உயரமானதில்லை. கூரை மட்டத்தில்தான் இருந்தது.

“என்னங்க, அடுப்படி ஒழுகுது.”

“ம்.”

“அடுப்புக்கு நேரா ஒழுகுதுங்க.”

“ம்.”

“உங்க தலையில ஒழுகினாத்தான் பாப்பீங்களா?”

“ம்.”

இந்த ‘ம்’ ஒரே ஒரு எழுத்துத்தான். ஆனால் ஒரு ‘ம்’முக்குள் ஒரு மாதம் ஓடிவிடும். இப்படி நாலைந்து ‘ம்’ ஓடிவிட்டது. மழை இறங்கினால் போதும், வீட்டிலிருக்கும் சட்டி, பேசன், வாளி எல்லாம் அடுப்படியில், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த தோட்டத்து ஆட்கள் மாதிரி வரிசையாக நிற்கும். பூரணி கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நிறைந்த சட்டியை ஊற்றி வெறும் சட்டியை வைத்து, நனைந்த விறகை ஊதி, ரொட்டி சுட்டு, நடுநடுவே புருஷனையும் திட்டுவாள். ஒரு வாயால் ஊதவும் திட்டவும் எப்படி முடிகிறது என்பதுதான் உண்மையில் ஆராய்ச்சி செய்யவேண்டிய விஷயம். சேர் அதைச் செய்யவில்லை.

அவர் செய்தது இது. பஜாரில் நஜீம் நானா கடைக்குப் போய், திரை வெடித்த பழைய போன் ஒன்றை வாங்கினார். அடுப்படி வாசலில் நின்றபடியே கையை நீட்டி, தட்டில் இருந்த பால்மா டின்னுக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்தார். சட்டி வைக்கிற சத்தம், கரண்டி தட்டுகிற சத்தம், அலுமாரியைச் சாத்துகிற சத்தம் எல்லாம் அதில் பதியும். எந்தச் சத்தத்துக்குப் பிறகு திட்டு விழுந்தது என்று சேர் தினமும் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பார். கணினி கேட்டுக் கேட்டுப் பழகி, கடைசியில் தானே சொல்லும். சேரின் கைப்போனில் பச்சை எரிந்தால் அமைதி. சிவப்பு எரிந்தால் ஆபத்து.

சும்மா சொல்லக்கூடாது, மெஷின் பலித்தது! நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொன்னது. சிவப்பு எரியும். சேர் குடையை விரித்துக்கொண்டு ஆண்டியப்பன் வீட்டுக்கு ஓடுவார். பின்னால் திட்டு விழுகிற சத்தம் வேலியைத் தாண்டி வரும்.

“கேட்டீங்களா, சொன்ன மாதிரியே!” என்று நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே பூரிப்பார்.

“நம்ம வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க சேர்,” என்றார் ஆண்டியப்பன். அப்புறம் யோசித்துவிட்டு, “வேணாம் சேர். நம்ம வீட்டுல எந்நேரமும் செவப்புதான். பேட்டரி தாங்காது.”

பிறகு கட்டுரை எழுதும் படலம் தொடங்கியது. ஆராய்ச்சி எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வேலை செய்கிற மாதிரியே இருக்கும்.

“என்னங்க, பாப்பாவைக் கொஞ்சம் புடிங்க. துணி காயப்போடணும்.”

“கட்டுரை எழுதுறேன்மா.”

“எதைப் பத்தி?”

“அது… செயற்கை நுண்ணறிவு.”

“ஆமாமா. இயற்கையா இல்லாதவங்க செயற்கையாத்தான் செஞ்சுக்கணும்.”

“தரவு சேகரிச்சு, அதை அலசி…”

“என்னத்தைத் தரவு? கல்யாணமான நாள்ல இருந்து எதைத் தந்தீங்க நீங்க? அலசுறீங்களாம்ல, அப்படியே அந்த வாளியில கெடக்கிற துணியையும் அலசுங்க.”

“இது பெரிய கட்டுரைமா. சும்மா விஷயம் இல்ல.”

“கட்டினவளப் பத்தி ஊருக்கு உரைக்கிறதாலதான் கட்டுரைன்னு சொல்றாங்களோ?”

சேருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு எப்படித் தெரியும்? போனைப் பார்த்தார். பச்சை எரிந்தது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று சமாதானமானார்.

கட்டுரை முடிந்தது. தலைப்பு, சுருக்கம், படங்கள், மேற்கோள்கள் எல்லாம் இதழ் சொன்ன அளவில், இதழ் சொன்ன எழுத்தில். அனுப்புவதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பூர்த்தி செய்யப் பூர்த்தி செய்ய இணையத்தளம் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று திறந்துகொண்டே போனது. கடைசிப் பக்கத்தில் போய் ஒரு காலை நீட்டிக் குறுக்கே போட்டது.

‘ஆய்வு ஒழுக்கம்’ என்று தலைப்பு. யாருடைய ஒலியைப் பதிவு செய்தீர்களோ, அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைக்கவும். இல்லாவிட்டால் கட்டுரை பரிசீலிக்கப்படாது.

சேர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். மெஷின் செய்தது பொண்டாட்டியிடமிருந்து தப்பிக்க. இப்போது அந்த மெஷினுக்கே பொண்டாட்டி கையெழுத்து வேண்டுமாம்!

அன்று அபூர்வமாக வெயில் அடித்தது. போனில் பளிச்சென்று பச்சை. நல்ல நேரம் என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார். உள்ளே போகிற பழக்கம் கிடையாது.

“பூரணி, இதுல ஒரு கையெழுத்து. பாப்பாவோட முன்பள்ளிக்கு.”

“பாப்பாவுக்கு இன்னும் பல்லே முழுசா மொளைக்கலைங்களே.”

“இப்பவே பதிஞ்சாத்தான் இடம் கிடைக்குமாம்.”

பூரணி கடிதத்தை வாங்கினாள். ஆங்கிலம். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்து அதன்மேல் பிடித்தாள். மொழிபெயர்த்து வாசிக்கிற செயலி ஒன்று அதில் இருந்தது. மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதைப் படிக்கட்டும் என்று சேரே போட்டுக்கொடுத்தது. போனுக்குள்ளிருந்து ஒரு பெண் இனிமையான குரலில் வாசித்தாள்:

“என் சமையலறையில் எழும் ஒலிகளைப் பதிவு செய்து, நான் எப்போது கோபப்படுவேன் என்று கணினி கணிப்பதற்கு முழு மனத்துடன் சம்மதிக்கிறேன்.”

பாப்பா கைதட்டினாள்.

“முன்பள்ளியில இதெல்லாம் கேக்குறாங்களாங்க?” என்றாள் பூரணி, ரொம்ப மரியாதையாக.

சேர் ஓரக்கண்ணால் தன் போனைப் பார்த்தார். இன்னமும் பச்சைதான். முதல்முறையாக மெஷின்மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது.

“பூரணி, கோவிச்சுக்காத. இது ஆய்வு ஒழுக்கம். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இது போகலைன்னா என் பட்டமே போச்சு.”

“கோவமா? எனக்கா? ஒழுக்கம் நல்ல விஷயம்தானேங்க.” மேலே கையைக் காட்டினாள். “மொதல்ல அந்த ஒழுக்கை அடைங்க. அப்புறம் உங்க ஒழுக்கத்தைப் பாப்போம்.”

“நாளைக்கு ஆள் கூட்டிட்டு வாறேன்.”

“அப்ப கையெழுத்தும் நாளைக்குப் போடுறேன்.”

கொஞ்ச நேரத்தில் ஆண்டியப்பன் வீட்டு ஏணி வந்தது. ஆண்டியப்பனும் வந்தார், வேடிக்கை பார்க்க. சேர் ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் தார் டப்பா, வாயில் ஆணி என்று தகரக் கூரையில் நாலு காலில் தவழ்ந்தார். கீழே ரோட்டில் போன பாடசாலைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, “வணக்கம் சேர்!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். பதிலுக்குக் கும்பிட்டால் கையை விடவேண்டும். கையை விட்டால் பிள்ளைகளோடு ரோட்டில்தான் நிற்கவேண்டும். வாயைத் திறந்தால் ஆணி விழும். சேர் ஒரு மாதிரி புருவத்தால் வணக்கம் சொன்னார்.

“ஓட்டை என் தலை அளவுக்கு இருக்கு. மூட ஒரு தகரம் வேணுமே!”

“இருங்க, வாறேன்.” பூரணி எங்கேயோ போய்விட்டு வந்து, ஏணியில் பாதி ஏறி, ஒரு தகரத்தைக் கவிழ்த்து நீட்டினாள். “இப்படியே வச்சு அடிங்க. திருப்பாதீங்க. திருப்பினா ஒழுகும்.”

எதையும் ஆதாரம் இல்லாமல் ஏற்கக்கூடாது என்று மாணவர்களுக்குப் போதிக்கிற சேர், ஏன் என்று கேட்காமல் அப்படியே வைத்து ஆணி அடித்தார். சுற்றிலும் தார் பூசினார். மணி ஆகிக்கொண்டிருந்தது.

பூரணி சொன்ன சொல் தவறவில்லை. முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கட்டுரை போய்ச் சேர்ந்தது. மூக்கில் தாரோடு சேர் கேட்டுக்குப் போய் உரப்பையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து இதழிலிருந்து பதில் வந்தது. சுவாரசியமான ஆய்வாம். புதிதாகப் பதிவு செய்த ஒலிகளில் மெஷினைச் சோதித்து, முடிவை அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களாம்.

இவ்வளவுதானா என்று சேர் வாசலில் நின்றே பழைய போனைத் திரும்ப டின்னுக்குப் பின்னால் வைத்தார். பச்சை. மறுநாளும் பச்சை. அடுத்த நாள் கொட்டோ கொட்டென்று மழை. அப்போதும் பச்சை. பச்சையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபம் வேண்டுமே! சேர் தானே களத்தில் இறங்கினார். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு, “எங்க அம்மா கை ருசி இல்ல” என்றார். சொல்லாமல் கொள்ளாமல் நாலு ஆசிரியர்களைப் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். இறம்பொடையில் இருக்கும் மாமனாரைப் பற்றி ஒரு அபிப்பிராயம் சொன்னார்.

அன்று பூரணி போட்ட சத்தத்தில் ஆண்டியப்பன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சேர் காது இரண்டையும் பொத்திக்கொண்டு போனைப் பார்த்தார்.

பச்சை. ‘அமைதி.’

பழைய பதிவுகளை எடுத்துக் காதில் வைத்தார். முதல்முறையாகக் கேட்டார் என்று சொல்லவேண்டும். இதுவரை கணினியைத்தான் கேட்கவிட்டிருந்தார். சிவப்பு எரிந்த நாளின் பதிவில் கரண்டியும் இல்லை, அலுமாரியும் இல்லை. ‘டொக்… டொக்… டொக்…’

“பூரணி! இது என்ன சத்தம்?”

“ஒழுக்கு.”

“உன் சத்தத்தையே காணோமே!”

“எப்படி இருக்கும்? போனை வச்ச ரெண்டாம் நாளே பால்மா எடுக்கப் போனப்ப பாத்துட்டேன். என்னமோ பதியிறீங்கன்னு தெரிஞ்சுச்சு. எடுத்து, ஒழுக்குச் சட்டிக்குப் பக்கத்துல, பேசனுக்கு அடியில வச்சுட்டேன். நீங்க அதை எடுக்க வாற நேரத்துக்குத் திரும்பவும் டின்னுக்குப் பின்னால.”

“ஏன்?”

“நான் எத்தனை மாசமா வாயால சொன்னேன், உங்க காதுல ஏறுச்சா? மெஷின் காதுலயாவது ஏறட்டும்னு பாத்தேன். ஏறியிருக்கு பாருங்க, ஒழுகுன நாளெல்லாம் எனக்குக் கோவம்னு கண்டுபுடிச்சிருக்கு! உங்களவிட அது பரவாயில்ல.”

இரண்டு இரவு யோசித்துவிட்டு, சேர் உண்மையை எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கண்டியில் பேராசிரியர் போனிலேயே வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும், “இந்த வருஷம் பட்டம் இல்ல, விஜி” என்றார்.

பொழுது சாய்கிற நேரம், ஆண்டியப்பன் கண்ணில் படாமல் பலகையைக் கழற்றிவிடலாம் என்று சேர் கேட்டுக்குப் போனார். கயிற்றை அவிழ்த்து உரப்பையை உருவினார். உள்ளே பலகையைக் காணோம். பலகை அளவுக்கு வெட்டிய பிஸ்கட் பெட்டி அட்டைதான் இருந்தது.

“பூரணி! பலகை எங்க?”

“அடுப்படிக்குள்ள வாங்க. ஒரு நாளாவது உள்ள வந்திருந்தா அன்னைக்கே பாத்திருப்பீங்க.”

உள்ளே போனார். அவள் கை காட்டிய பக்கம் அண்ணாந்து பார்த்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுப்புக்கு நேர் மேலே, அவர் தலை அளவு ஓட்டைக்குள், மஞ்சளில் சிவப்பாக ‘எம்.எஸ்ஸி’ மட்டும் தெரிந்தது.

“பட்டம்னா மேலதானேங்க நிக்கணும்,” என்றாள் பூரணி.