ஞானத்தகப்பனை இறக்கிவிட்ட விமானம்

விவேக் நகர், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகன் ஷெர்வினுக்கு, உன் தாய்மாமன் கில்பர்ட் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மும்பையில் நீயும் ஐரினும், போன ஞாயிற்றுக்கிழமை புதிதாகக் கிறிஸ்தவனான குட்டி ஜாய்சனும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அம்மாவும் என் அக்காவுமான ஜோசஃபினும் சுகமாக இருக்கட்டும், என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ எனக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பிய அன்றே, பிள்ளைக்கு ஒத்தாசையாக முன்கூட்டியே ரயிலில் கிளம்பிக்கொண்டிருந்த உன் அத்தை பிரிஸில்லாவிடம், "பார்த்துக்கிட்டே இரு, இந்த பிளேன்காரன் என்னை ஏத்தமாட்டான்" என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்பாய். முப்பத்தோரு வருடமாக பைப்பும் வால்வும் விற்கிறவன் நான். ஐந்நூறு லிட்டர் டேங்கை வைத்துக்கொண்டு ஆறு வீட்டுக்கு லைன் கொடுப்பான் வீட்டுக்காரன், எவனாவது ஒருத்தன் அன்றைக்குக் குளிக்கமாட்டான் என்ற நம்பிக்கையில். விமானக் கம்பெனிக்காரன் சீட் விற்பதும் அதே கணக்குதான். எவனாவது வரமாட்டான் என்று நூற்றெண்பது சீட்டுக்கு நூற்றெண்பத்துநான்கு டிக்கெட் விற்கிறான். அன்றைக்குப் பார்த்து எல்லாரும் குளிக்க வந்துவிட்டால் சோப்புப் போட்டவன் கதி என்ன? இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். நான் எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். மற்றவர்களெல்லாம் ஒரே வருடம்தான் படித்தார்கள்.

நீ போனில், "மாமா, நடந்தத ஒண்ணுவிடாம எழுதி அனுப்புங்க, புகாரோட சேத்து கம்பெனிக்குப் போடறேன், சும்மா விடக்கூடாது" என்று சொன்னாய் அல்லவா, அதற்காகத்தான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். என் எண்ணம் இதுதான். அவர்கள் தங்கள் தப்பு என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை நீ முதலில் அக்காவிடம் காட்ட வேண்டும், பிறகு உங்கள் பங்குச் சாமியாரிடம் காட்டி, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானத்தகப்பன் என்ற இடத்தில் எழுதியிருக்கும் நோயல் பெயரை அடித்து, என் பெயரைப் போடச் சொல்ல வேண்டும். நஷ்டஈட்டுப் பணம் எனக்கு முக்கியமில்லை. வந்தால் வேண்டாம் என்று சொல்லப்போவதும் இல்லை.

இனி நடந்ததைக் கேள். பதினொன்றரை மணிக்கு ஞானஸ்நானம், ஆறு இருபதுக்கு விமானம். நான் தேவனஹள்ளி ஏர்போர்ட் போய்ச் சேர டாக்ஸிக்காரனுக்குக் கொடுத்த காசில் மும்பைக்கே பாதி தூரம் போயிருக்கலாம். கம்பெனி பெயரை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் அவனுக்கு விளம்பரம். பதினான்காம் வரிசையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் சாமிநாதன் என்று பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல விஷயம் தெரிந்த மனிதர். அவருக்கு ஞானத்தகப்பன் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பெற்றவனுக்கு அடுத்தபடி அவன்தான், அவன் பிள்ளையைக் கையில் ஏந்தாமல் சாமியார் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடக்கூட மாட்டார் என்று சொன்னேன். அவர் கண்கலங்கிப் போனார். அந்த நேரத்தில் லாவண்யா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் வந்து நின்றாள்.

"சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். நாலு டிக்கெட் அதிகமா போட்டுட்டாங்க சார்."

"யாரு போட்டது?"

"சிஸ்டம் சார்."

"அந்த சிஸ்டத்தக் கூப்பிடும்மா, நான் பேசிக்கறேன்."

"சிஸ்டம்னா ஆள் இல்ல சார், கம்ப்யூட்டர். நீங்க எட்டேகால் ஃப்ளைட்ல வந்துடலாம். பத்து மணிக்கெல்லாம் மும்பைல இருப்பீங்க."

"நான் ஞானத்தகப்பன்மா. எனக்காக ஒரு கோயிலே காத்துட்டிருக்கு."

"புரியுது சார். எங்க வீட்லயும் ஃபங்ஷன் இருக்கு. எனக்கே லீவு இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். நான்தான் கைக்குட்டை கொடுத்தேன். ஆனால் கைக்குட்டை வேறு, சீட் வேறு என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். உடனே இரண்டு செக்யூரிட்டிகள் வந்தார்கள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்த நான்கு பேராலும் என் விரலைப் பிரிக்க முடியவில்லை, குழாய் முறுக்கிய கை என்று அவர்களுக்குத் தெரியாது. விமானத்தில் இருந்த இருநூறு பேரும் எழுந்து நின்று, "பெரியவரை விடுங்க" என்று சத்தம் போட்டார்கள். சத்தம் கேட்டு கேப்டனே வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க இல்லாம இந்த பிளேன எடுக்க எனக்கு மனசே இல்ல சார்" என்றார். கன்னடத்தில்தான் சொன்னார், உனக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். எனக்கு மனசு இளகியது, என் ஒருத்தனால் இத்தனை பேர் தாமதமாகக் கூடாது என்று விரலைத் தளர்த்தினேன், அந்த ஆறு செக்யூரிட்டிகளும் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் இறக்கிவிட்டார்கள். ஆக, என் சம்மதம் இல்லாமல், பலவந்தமாக. இந்த இரண்டு வார்த்தையையும் புகாரில் கோடு போட்டு எழுது.

ஏன் என்றால் அதில்தான் சட்டமே இருக்கிறது. சாமிநாதனையும் இறக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து எங்கள் விமானம் எங்களை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார், "கில்பர்ட் சார், நம்ம இஷ்டம் இல்லாம விட்டுட்டுப் போனா நஷ்டஈடு குடுத்தே ஆகணும். ஒரு மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட் குடுத்துட்டா ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல ஆனா டிக்கெட்டோட அடிப்படை விலை மாதிரி ரெண்டு பங்கு, பத்தாயிரத்தத் தாண்டாது. ஆனா அவங்க கேட்டு நாமளே எழுந்து குடுத்தோம்னா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அவங்களாப் பாத்து என்ன குடுக்கறாங்களோ அதுதான்." நான் கேட்டேன், "கேட்டவுடனே எழுந்து குடுக்கற மடையன் எவன் சார் இருப்பான்?" அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

அப்புறம் எட்டேகால் விமானம் ஒன்பதரை ஆனது. ஒன்பதரை பதினொன்று ஆனது. ஒவ்வொரு முறையும் மைக்கில், உங்கள் பொறுமைக்கு நன்றி என்றார்கள். என் பொறுமையை யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள் என்று லாவண்யாவிடம் கேட்டேன். "மும்பைல மழை சார்" என்றாள். உடனே உன் அத்தைக்கு போன் போட்டேன். "மழையா? இங்க வேர்த்து ஊத்துது, நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள். அதை அப்படியே லாவண்யாவிடம் சொன்னேன். "அப்போ வேற எங்கயோ மழை சார்" என்றாள். இதையும் புகாரில் சேர்த்துக்கொள்.

பதினொன்றரைக்கு அத்தையே கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமியார் கேக்கறாரு, ஞானத்தகப்பன் எங்கன்னு. ஏறிட்டீங்களா இல்லையா?"

"நான் இல்லாம ஆரம்பிக்க முடியாதுன்னு அவருகிட்ட சொல்லு."

"பன்னெண்டரைக்கு அவருக்கு ஒரு கல்யாணம் இருக்காம். ஐரினோட சித்தப்பா நோயல் முன்னாடியே வந்து நிக்கறாரு. வெள்ளைச் சட்டை வேற."

"அவன் எதுக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தான்? கேளு அவன."

"கோயிலுக்கு வர்றவங்க கருப்புச் சட்டையா போடுவாங்க? உங்களோட பெரிய ரோதனை."

நீ பக்கத்தில்தான் இருந்தாய், ஆனால் போனின் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் போடு என்று அத்தையிடம் சொன்னேன். சாமியார் ஞானத்தகப்பனிடம் "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்பது கேட்டது. நான் காத்திருக்கும் கூடத்துக்கு நடுவே எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, "விட்டுவிடுகிறேன்" என்று உங்களுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "அவன் செயல்கள் அனைத்தையும் விட்டுவிடுகிறீர்களா?" "விட்டுவிடுகிறேன்." பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்த வைட்ஃபீல்ட் கம்ப்யூட்டர் கோஷ்டி மொத்தமும் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனது. ஒரு போலீஸ்காரர் வந்து, "ஏனாயித்து சார்?" என்றார், என்ன ஆச்சு என்று கேட்கிறார். சாத்தானை விடுகிறேன் என்றேன். மெதுவாக விடச் சொன்னார். மூன்றாவது கேள்வி வருவதற்குள் சாமியார் போனை அணைக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஆக, மூன்றில் இரண்டு நான் சொன்னது, ஒன்றுதான் நோயல் சொன்னது. மெஜாரிட்டி யாருக்கு என்று நீயே பார்.

இரண்டு மணிக்கு விமானம் கிளம்பி, நான் உன் வீட்டு மணியை அடித்தபோது ஐந்தேகால். பிரியாணி தீர்ந்து தயிர் வெங்காயம் மட்டும் இருந்தது. நோயல் சோபாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "வாங்க கில்பர்ட், ஜாய்சனைப் பாருங்க" என்று என் ஞானப்பிள்ளையை எனக்கே அறிமுகப்படுத்தி வைத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அக்காதான் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "ஞானத்தகப்பன் யாருன்னதும் உன் பேரைத்தான்டா நான் முதல்ல சொன்னேன், ஐரின் வீட்டாளுங்க முன்னாடி." அவ்வளவுதான், அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று முதல் என் போனை எடுக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், ஷெர்வின், எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது ரயிலில் உன் அத்தை இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டு வந்தாள். "அத்தன பேர்ல உங்களப் பாத்து ஏன் இறக்கினாங்க?" பொறுப்பான முகமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று சொன்னேன். "அப்போ கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பாக்கறது யார் மூஞ்சி?" என்றாள். இப்படி வீட்டிலேயே நம்பிக்கை இல்லாதபோது கம்பெனிக்காரன் எழுதித் தரும் காகிதம் எனக்கு எவ்வளவு அவசியம் என்று புரிந்துகொள்வாய்.

ஆகவே புகாரைக் காரமாக எழுது. தேவைப்பட்டால் என் முழங்கால் வலியையும் அன்றைக்குத்தான் ஆரம்பித்ததாகச் சேர்த்துக்கொள். ஜாய்சனுக்கு நீண்ட ஆயுளும், ஐரினுக்கு நல்ல தூக்கமும், உனக்கு உத்தியோக உயர்வும், அக்காவுக்கு என்மேல் இரக்கமும் குழந்தை இயேசு தந்தருளட்டும். நோயலையும் விசாரித்ததாகச் சொல், எல்லார் முன்னாலும் சொல்.

என்றும் உன் நலம் நாடும் மாமா,
கில்பர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் போன் வந்தது. புகார் போவதற்கு முன்பே கம்பெனியிடம் விவரம் கேட்டதாகவும், அவர்கள் அன்றைக்குப் பயணிகளிடம் எழுதி வாங்கிய காகிதங்களை எல்லாம் நாளை அனுப்புவதாகவும் சொன்னாய். நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஒரு காகிதத்தில் என் கையெழுத்து இருக்கும். அது என் கையெழுத்துதான். என்னை யாரும் விமானத்திலிருந்து இறக்கவில்லை ஷெர்வின், நான் ஏறவே இல்லை. கேட்டிலேயே லாவண்யா மைக்கில், யாராவது நான்கு பேர் விருப்பப்பட்டு அடுத்த விமானத்தில் வர முடியுமா, ஆறாயிரம் ரூபாய்க்குக் கூப்பனும் காலை டிபனும் தருகிறோம் என்று கேட்டாள். நான் கையைத் தூக்கிவிட்டேன். பத்து மணிக்குப் போய்விடலாம் என்றுதான் தூக்கினேன். தாமதம் ஆனாலும் ஞானத்தகப்பன் வராமல் சாமியார் தொடங்கமாட்டார் என்று மனப்பூர்வமாக நம்பினேன். கூப்பன் அதே கம்பெனியில்தான் செல்லுமாம், அதுவும் மூன்று மாதத்துக்குள். மசாலா தோசை நன்றாக இருந்தது. ஆகையால் புகார் வேண்டாம். பதிவேட்டில் நோயல் பெயரே இருக்கட்டும், பாவம், பிள்ளையை அவன்தான் நல்லபடியாக ஏந்தியிருக்கிறான். அக்காவிடம் உண்மையை நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை. சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்: முதலில் கை தூக்கியது நான்தான், மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்துத்தான் தூக்கினார்கள்.