ஒரு சாண் கற்காலம்

இருபத்திரண்டு வருட அரசாங்கச் சேவைக்குப் பிறகு கற்காலத்தில் போய்க் குடியேறி, அங்கிருந்தே சம்பளமும் எடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நெடுந்தீவில் இருந்தார், சைக்கிளில் திரிந்தார், எங்கள் தபாற்கந்தோரில் தபாற்காரராக வேலை பார்த்தார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் கற்காலம். கடிதம் வந்ததோ என்று விசாரிக்கிறவர்கள்கூட, கற்காலம் இந்தப் பக்கம் வந்ததோ என்றுதான் கேட்பார்கள். எந்தத் தபாற்கந்தோர் என்று மட்டும் சொல்லமாட்டேன். மேலதிகாரிகளும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள்.

நான் வேலணைக்காரி. தபாலதிபராக மாற்றலாகி அங்கே போன முதல் நாள், முத்திரை வைக்கிற அலுமாரியைத் திறந்தேன். உள்ளே விரல் உயரத்தில் களிமண் மனிதர்கள் நான்கு பேர், கைக்குழந்தை ஒன்றோடு, ஆட்டுத்தோல் துண்டு மட்டும் உடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி. நான் கையை நீட்டவும் பின்னாலிருந்து தபாற்காரரின் குரல் வந்தது.

"தொடாதேங்கோ மிஸ். அவர் செவ்வாய்க்கிழமையில இருந்து கல்லைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்."

அன்று வெள்ளிக்கிழமை.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. கற்காலத்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி மனிதர் சிரிப்புப் படம் எடுக்கிறார். பொம்மையை ஒரு நெல்லளவு அசைத்து ஒரு படம், இன்னும் ஒரு நெல்லளவு அசைத்து இன்னொரு படம். இப்படிப் பன்னிரண்டு படம் எடுத்து வேகமாக ஓடவிட்டால் ஒரு செக்கன் முடியும். கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் போனைத் தபால் கட்டுகிற நூலால் வரிந்து கட்டியிருந்தார். குளத்துக் களிமண் வறண்ட சோழகக் காற்றுக்கு வெடிக்கும் என்பதால் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்திருந்தார். அந்த வாசத்துக்கு எறும்பு வந்தது. தாய்க்காரியின் முகத்தில் எறும்பு ஊர்ந்த படங்களையும் அவர் அழிக்கவில்லை. அந்தக் காலத்திலும் எறும்பு இருந்ததுதானே என்றார்.

கடிதம் பங்கிட்டு முடிந்த பிறகுதான் படவேலை. அதில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் பின்னேரம் முத்திரை வாங்க வருகிறவர்களிடம் "அரைச் செக்கன் பொறுங்கோ" என்பார். ஊர் ஆட்கள் உடனே வாங்குப் பலகையில் அமர்ந்து வெற்றிலையை எடுத்துவிடுவார்கள். எங்கள் கந்தோரில் அரைச் செக்கன் என்பது முக்கால் மணித்தியாலம்.

கற்காலத்தைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு எங்கேயும் படித்தது அல்ல. அவருடைய குகை மனிதர்கள் வாசலில் பானைத் தண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் குகைக்குள் போவார்கள். பக்கத்துக் குகைக்குப் போவதென்றால் வெறுங்கையோடு போகமாட்டார்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவார்கள். மாமத யானை செய்யத் தெரியாது, யானையைக் கிட்டப் பார்த்ததில்லை. ஆகவே தீவு வெளியில் காடாய்த் திரிகிற மட்டக்குதிரை ஒன்றைப் பார்த்துச் செய்து, முகத்தில் ஒரு தும்பிக்கையை ஒட்டிவிட்டார். பரிசோதனைக்கு வந்த அதிகாரி அலுமாரியைத் திறந்து அந்தப் பிராணியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். கடைசியில் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தும்பிக்கையை மூன்று தரம் தானே அசைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போட் ஏறினார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் கற்காலம் சிரித்து நான் கண்டதில்லை. பிரேதப் பெட்டி செய்கிறவர்கூட அவ்வளவு கவனமாக வேலை செய்யமாட்டார்.

குகைகளுக்கு இடையில் அவர் கடலில் பொறுக்கிய முருகைக்கல் துண்டுகளால் மதில் ஒன்று எழுப்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை. கற்காலத்தில் காணியும் இல்லை எல்லையும் இல்லை, மதில் ஏது என்று கேட்டேன். அவர் கல்லைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

"மதில் இல்லாட்டி இந்தப் படம் இல்லை மிஸ்."

அதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் வாடகைக்கு இருந்த அறையின் யன்னல் அந்த மதிலைப் பார்த்துத்தான் இருந்தது. பொம்மை மதிலை அல்ல, உண்மையான மதிலை. நான் இருந்தது அவருடைய தமக்கை மனோன்மணி அக்காவின் வீட்டில். பிள்ளைகள் இல்லை, புருசன் காலமாகி விட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் தனிக்கட்டையான தம்பி, இந்தப் பக்கம் தனிக்கட்டையான தமக்கை. இரண்டு பேருக்கும் ஒன்பது வருடமாகக் கதை பேச்சு இல்லை.

ஒரு மாரி மழையில் மதில் இடிந்து விழுந்திருக்கிறது. தம்பி திருப்பிக் கட்டினார். கட்டி முடிந்ததும் அக்கா, ஒரு சாண் என்ர காணிக்குள்ள வந்திட்டாய் என்றார். தம்பி இல்லை என்றார். ஊர் கூடியது. அரசாங்க உத்தியோகத்தன் பொய் சொல்வானோ என்று ஊர் தம்பியின் பக்கம் சாய்ந்தது. காணி ஆசை பிடித்த மனுசி என்ற பெயர் அக்காவுக்கு வந்தது. அவர் பிள்ளையார் கோவில் வாசலில் நின்று, இவன்ர குரல் இனி என்ர காதில விழக்கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கற்காலம் அந்த வார்த்தையைக் காத்த விதம் தனிக் கதை. தமக்கைக்குக் கடிதம் வந்தால் சைக்கிள் மணியை மூன்று தரம் அடிப்பார், கடிதத்தை மதிலில் வைத்துப் பறக்காமல் ஒரு கல்லை ஏற்றிவிட்டுப் போவார். பதிவுத் தபால் என்றால் புத்தகத்தையும் பேனையையும் மதிலில் வைத்துவிட்டு, திரும்பி நின்று கடலைப் பார்ப்பார். அந்த வளவுக்குள் தன் மாடு புகுந்தால் வாயைத் திறக்காமல் கைதட்டியே கலைப்பார். இருமல் வந்தால்கூட அந்த ஒழுங்கைத் தெரு முடியும்வரை அடக்கிக்கொண்டு ஓடுவார். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு இருதயத்தில் கோளாறு. யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய் வருவார். ஒருநாள் மண்ணிறக் கடித உறை ஒன்று வந்தது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்திருந்தார்கள், ஆறு கிழமை இருந்தது. டொக்டர் பாதிக்குப் பாதி என்றுதான் சொன்னார் என்று அக்கா என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். நான் அடுத்த நாள் கந்தோரில் இதைச் சொன்னபோது கற்காலம் கையிலிருந்த பொம்மையை மேசையில் வைத்தார்.

"எங்கட ஊரில மிஸ், கோவக்காரர் நல்லதுக்குப் போகாட்டிலும் செத்தவீட்டுக்குப் போவினம். அந்த ஒரு நாளைக்குத்தான் அக்காவின்ர படலை எனக்குத் திறந்திருக்கும். அண்டைக்குப் போய் நிக்க என்னால ஏலாது. அதுக்கு முதல் அவ ஒருக்காச் சிரிச்சுப்போட வேணும்."

ஏன் கற்காலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் கணக்கில் அது மனிதருக்குப் பேச்சு வருவதற்கு முந்திய காலம். படத்தில் ஒரு சொல் இல்லை. குரல் இல்லாத படத்தை அக்கா பார்த்தால் வார்த்தை மீறியது ஆகாது.

பிறகு அவர் விடியற்காலையிலும் கந்தோரைத் திறந்து வேலை செய்தார். அந்த அவசரத்தில் ஒரு காகம் வந்து குடும்பத்துக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது. சந்தைக்குப் போன சனமெல்லாம் மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்துத் தேடியது. பிள்ளை அகப்படவில்லை. இரவோடிரவாக இன்னொன்று செய்தார், அதற்கு மூக்குப் பெரிதாகிவிட்டது. படத்தில் அந்தக் குழந்தையின் மூக்கு திடீரென்று வளருகிற இடம் இப்போதும் இருக்கிறது.

அக்கா யாழ்ப்பாணம் போகவிருந்ததற்கு முதல்நாள் மத்தியானம் படம் முடிந்தது. எட்டு மாத உழைப்பு, ஒரு நிமிடமும் நாற்பது செக்கனும். போனை என்னிடம் தந்துவிட்டு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓட மறந்துபோனார்.

வெளிச்சத்துக்கு யன்னலைச் சாத்திவிட்டு அக்காவைக் கதிரையில் இருத்திப் போனைப் பிடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குகை வாசலில் தமக்கை மீன் சுடுகிறாள், தம்பி அதைக் களவெடுக்கிறான், கிழட்டுத் தகப்பன் எதற்கும் எழும்பாமல் நித்திரை கொள்கிறார். தம்பி கழுத்தைச் சொறிந்தான்.

"உவன்ர வேலையே இது?" என்றார் அக்கா. சொறியிற சொறியிலேயே தெரியுது என்றும் சொன்னார்.

மதில் சரிந்து தம்பியின் தலையில் விழுகிற இடத்தில் அக்கா சிரித்தார். சத்தமாகச் சிரித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது. இதற்காகத்தானே அந்த மனுசன் எட்டு மாதம் பாடுபட்டது.

படம் அதோடு முடியவில்லை. தமக்கை நித்திரையாகிறாள். தம்பி எழும்பி இந்தப் பக்கம் பார்க்கிறான், அந்தப் பக்கம் பார்க்கிறான். பிறகு விழுந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, தமக்கையின் குகைப் பக்கம் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்குகிறான். மூக்குப் பெருத்த குழந்தை மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் நின்றது.

இன்னொருக்காப் போடச் சொன்னார். போட்டேன். நான்கு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் பொய் சொல்லேல்லை எண்டு இப்ப விளங்குதே, பிள்ளை?"

ஒன்பது வருடமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வியின் பதில் அது. விளங்குது அக்கா என்றேன். அவர் எழும்பி மெல்ல நடந்து மதிலடிக்குப் போனார். அந்தப் பக்கம் கற்காலம், கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு என்ர பையை ஆர் துறைக்குத் தூக்கிக்கொண்டு வாறது?" என்றார் அக்கா.

கற்காலம் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார், விரலால் வாயைத் தொட்டுக் காட்டினார். ஐம்பத்தேழு வயது மனிதர், கையில் மாட்டுக் கயிறு.

"கதையடா," என்றார் அக்கா. "நான்தானே கேக்கிறன்."

"நான் தூக்கிறன் அக்கா," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் நானும் அதே போட்டில் போனேன். குறிகட்டுவான் துறையில் இறங்குமட்டும் இரண்டு பேரும் வாய் ஓயவில்லை. மதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு வயதில் யார் யாருடைய மீன்பொரியலை எடுத்துத் தின்றது என்றுதான் சண்டை பிடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி, இவை எப்ப கோவம் மாறினவை என்று என் காதுக்குள் கேட்டார்.

ஒப்பரேசன் முடிந்த மூன்றாம் நாள் அக்கா காலமாகிவிட்டார். அதே கடல்வழியாகக் கொண்டுவந்தார்கள். கற்காலம் படலையால் வந்து நிற்கவில்லை, அக்காவோடு கூடவே வந்து இறங்கினார். கொள்ளியும் அவர்தான் வைத்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் காலை, கல் உருளுகிற சத்தம் கேட்டு யன்னலைத் திறந்தேன். அவர் மதிலின் கிழக்கு மூலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் போய், அண்ணை, இனி ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தானே வரப்போகுது, பிறகேன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். எண்டாலும் அது அக்காவின்ர காணி."

குனிந்து நிலத்தைப் பார்த்தார். மதிலடியில் தன் காணிப் பக்கமாகக் கையை விரித்து வைத்தார், பிறகு எடுத்துவிட்டார்.

"என்ர சாண் பெரிசு. கூட வைச்சா அக்கா அதுக்கும் ஏசுவா. அவவின்ர கை உங்கட கையளவுதான். ஒருக்கா உங்கட கையை வையுங்கோ, மிஸ்."

தபாற்கந்தோர் திறக்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் மண்ணில் முழந்தாளிட்டு மதிலோடு ஒட்டிக் கையை வைத்தேன். விரல் நோக நோக, எவ்வளவு அகலமாக விரிக்க ஏலுமோ அவ்வளவு அகலமாக விரித்து வைத்தேன்.